ரேடியோவின் நாக்குக்கு அடியில்

சலவைக்கூடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பேர். சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் இருந்தது, அங்கேயே பத்திரமாக இருக்கட்டும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். காலையில் உள்ளே நுழைந்து தலையில் வலைத்தொப்பியை மாட்டும்போது ஆரம்பிக்கும் பேச்சு, சாயங்காலம் செருப்பு மாட்டும்போதும் பாதியில்தான் நிற்கும். மீதிக் கதை மறுநாள்.

பெரிய ஓட்டல்களிலிருந்து வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, பிழிந்து, சூடான உருளைகளுக்கு நடுவே கொடுத்துத் தேய்த்து அனுப்பும் இடம் அது. உருளை மெஷினுக்கு முன்னால் இரண்டு பேர் நிற்கவேண்டும். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, சுருக்கம் விழாமல் இழுத்து, மெஷினின் வாயில் கொடுக்கவேண்டும். ஒரு முனையில் ரேடியோ. மறுமுனையில் நெட்டை என்று ஒருத்தி. நெட்டைக்கு வாயில் இருந்த ஒரே சொல் 'ம்'. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் ரேடியோவோடு பல வருஷம் காலம் தள்ளிவிட்டாள்.

வினை வந்தது ஈர விரிப்பில். துவைக்கும் மெஷினுக்குள் விரிப்புகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கயிறு மாதிரி கிடக்கும். அதைப் பிடித்து இழுத்தபோது ரேடியோவின் வலது தோளில் ஏதோ பொட்டென்று விட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் மேல் குற்றம் சொல்ல யாருக்கும் வாய் வராது. அன்றைக்கு அவள் துடித்த துடிப்பு அப்படி. தோள் வலி போய்விட்டது. மாத்திரைதான் போகவில்லை. டாக்டர் சீட்டில் எழுதித் தருவது நின்றதும், எழுதாமல் தருகிறவர்கள் கிடைத்தார்கள். போட்டால் உலகமே சொந்தக்காரர்கள், பேச்சு அருவியாகக் கொட்டும். போடாவிட்டால் மூக்கு ஒழுகும், கொட்டாவியாக வரும், எலும்புக்குள் யாரோ புகுந்து உலுக்குவார்கள், வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராது.

வீட்டுக்காரர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்தது ஒரே மகள். கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கில் சட்டத்தை மாட்டிவிட்டு, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் பூராவும் கேட்கிற வேலை. ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்து பார்த்தால், அம்மா குளியலறைத் தரையில் கிடந்தாள். குழாய் திறந்தபடி இருந்தது. மாத்திரை அளவு மிஞ்சி உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்து, மருந்து ஏற்றி, ரேடியோ பிழைத்துக்கொண்டாள். மகள் இரண்டு பையில் துணியை அள்ளிப் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போகும் பெண்கள் சேர்ந்து எடுத்திருந்த ஓர் அறைக்குப் போய்விட்டாள்.

"எல்லாத்தையும் விடு. விட்டுட்டேன்னு சொல்லு. அன்னைக்கு வர்றேன்," என்றாள் வாசலில் நின்று.

ரேடியோ அதற்குப் பதிலாக எவ்வளவோ பேசினாள். மகள் படியிறங்கிப் போய், தெருமுனை திரும்பிய பிறகும் பேசிக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் மருத்துவமனையில், மாத்திரைப் பழக்கத்தை விடவைக்கும் சிகிச்சைக்குச் சேர்ந்தாள். சிகிச்சை என்றால் வாயில் போட்டு விழுங்கும் சமாச்சாரம் என்று நினைத்திருந்தாள். இது வேறு. நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட வேண்டிய மாத்திரை. அதுவும் முதல் தடவை, பழைய மாத்திரை உடம்பிலிருந்து இறங்கி, ஆள் நடுங்கிப் போய் வந்தால்தான் கொடுப்பார்களாம். "நல்லா முடியாம வாங்க" என்று சொல்லி அனுப்பும் ஆஸ்பத்திரியை அவள் அன்றுதான் பார்த்தாள். அப்படியே முடியாமல் போய் உட்கார்ந்தாள். நர்ஸ் என்னென்னவோ விளக்கினாள். காதுக்குள் மெஷின் ஓடிய மாதிரி இருந்ததே தவிர, ஒரு சொல்லும் ஏறவில்லை.

தினம் காலையில் போகவேண்டும். ஒரு நீளமான அறை, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். நர்ஸ் ஒவ்வொருவருக்கும் மாத்திரை கொடுப்பாள், அவர்கள் நாக்கைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அப்புறம் வாய்க்குப் பூட்டுப் போட்ட மாதிரி வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். லாரிக்காரர் ஒருவர், பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி, டை கட்டிய ஓர் ஆள், இன்னும் சிலர். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். கரைந்ததும் எழுந்து போய் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டவேண்டும். நர்ஸ் டார்ச் அடித்துப் பார்ப்பாள். "சரி, போங்க" என்பாள்.

இத்தனை பேர் இருக்கும் அறையில் ஒருத்தரும் பேசாமல் இருப்பதாவது! ரேடியோவுக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. பக்கத்தில் உட்கார்ந்த லாரிக்காரரிடம் குசுகுசுவென்று ஆரம்பித்தாள். எந்த ஊர், எந்தச் சரக்கு, பிள்ளைகள் எத்தனை? அவர் தலையை ஆட்டுவார், விரலைக் காட்டுவார், கண்ணை உருட்டுவார்.

"பேசாதீங்கம்மா," என்பாள் நர்ஸ், அந்தக் கோடியிலிருந்து.

பேசாதே என்று அவளிடம் சொல்லாதவர் யார்? பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், புகுந்த வீட்டில் சொன்னார்கள், சூப்பர்வைசர் தினம் சொல்கிறார். ஆஸ்பத்திரி என்றால் அமைதி, அதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு குரலை இன்னும் கொஞ்சம் தணித்துப் பேசினாள். பேசினால் எச்சில் ஊறும், ஊறினால் விழுங்கவேண்டும், விழுங்கியதோடு மாத்திரையும் பாதி உள்ளே போய்விடும். வயிற்றுக்குள் போன மருந்து அவ்வளவாக வேலை செய்யாது. இதெல்லாம் அவளுக்கு எங்கே தெரியும்?

ஆகவே மருந்து பிடிக்கவில்லை. மத்தியானம் ஆனால் கொட்டாவி வந்தது, சாயங்காலம் மூக்கு ஒழுகியது. டாக்டரிடம் போய், "இது போலி மாத்திரையா டாக்டர்?" என்று நேராகவே கேட்டாள். டாக்டர் அளவைக் கூட்டினார். அப்போதும் அதே கதை. டாக்டருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ரகசியமாக வேறு ஏதாவது போடுகிறாளோ என்று சோதித்துப் பார்த்தார்கள். அதுவும் இல்லை.

கடைசியில் நர்ஸ்தான் ஒருநாள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் முன்னால் உட்கார்ந்து, மாத்திரை கொடுத்த நிமிஷத்திலிருந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க விழுங்குறீங்க."

ரேடியோ இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"பேசாதீங்கன்னா பேசாதீங்க! மருந்தையே பேசிப் பேசித் தின்னுட்டு இருக்கீங்களே அம்மா!"

லாரிக்காரர் சிரித்த சிரிப்பில் அவர் மாத்திரையும் பாதி உள்ளே போய்விட்டது.

அன்றிலிருந்து ரேடியோ வாயைத் திறக்கவில்லை. மாத்திரை மெல்லக் கரையும். கசப்பாக, பழைய சாவியை நக்கின மாதிரி இருக்கும். அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்திருப்பாள். கரைந்ததும் தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பாள். மருந்து பிடித்தது. டாக்டர் அளவைப் பழையபடி குறைத்தார். கொட்டாவி போயிற்று, மூக்கு காய்ந்தது, எலும்புக்குள் இருந்த ஆள் இறங்கிப் போனான்.

இங்கேதான் அவளுக்கு மண்டை குழம்ப ஆரம்பித்தது.

ஏனென்றால், மாத்திரை போட்டால் ஏதாவது ஆகவேண்டும் என்பது அவள் கணக்கு. இதைப் போட்டால் ஒன்றுமே ஆகவில்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. காலையில் எழுந்தாள், வேலைக்குப் போனாள், பசித்தது, சாப்பிட்டாள். "இதுதான் நல்லா இருக்கறதா?" என்று நர்ஸிடம் கேட்டாள். "ஆமாம்மா" என்றாள் நர்ஸ். இதற்கா இவ்வளவு பாடு என்று அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று வந்தது. பேச்சு குறைந்துவிட்டது. உருளை மெஷின் முன்னால் நின்று, முனையைப் பிடித்து, இழுத்து, கொடுத்து, அடுத்த விரிப்பை எடுப்பாள். இடையில் ஏதாவது சொல்ல வரும். அப்புறம், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். ஒருநாள் அவளே 'ம்' என்றாள். நெட்டை விரிப்பைக் கீழே விட்டுவிட்டாள்.

"என்னக்கா, பேட்டரி தீந்துடுச்சா?"

நெட்டை அத்தனை வருஷத்தில் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

ரேடியோவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் பேசியது யார்? நானா, அந்தப் பாழாய்ப்போன மாத்திரையா? மாத்திரைதான் பேசியது என்றால், இப்போது இங்கே விரிப்பு பிடித்துக்கொண்டு நிற்கிறவள் யார்? அல்லது நான் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள்தான், இந்தப் புது மாத்திரை என் வாயைக் கட்டிவிட்டதா? யோசித்து யோசித்துத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"நான் எப்பலேருந்து இப்படிப் பேசறேன்?" என்று நெட்டையிடம் கேட்டாள்.

"நான் வேலைக்கு வந்ததே உங்களுக்குத் தோள் போனப்புறம்தானே அக்கா."

சூப்பர்வைசரிடம் கேட்டாள். அவர் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு ஞாபகப்படுத்திப் பார்த்தார். "நீங்க வந்த முதல் நாளே என் காது போச்சும்மா. அதுலேருந்துதான்..." கொஞ்சம் நிறுத்தினார். "இல்ல, அது உங்களுக்கு முன்னாடி இருந்த அம்மாவோ? அவங்களும் இப்படித்தான்."

இதற்கு அவரிடம் கேட்காமலே இருந்திருக்கலாம். உறுதியாகச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள், அவள் தெருமுனை திரும்பிப் போய்விட்டாள்.

மகள் வாரம் ஒரு தடவை போன் செய்வாள். "விட்டுட்டியா?" என்பாள், எடுத்ததும். விட்டாளா? பழையதை விட்டாள். ஆனால் தினம் காலையில் நாக்குக்கு அடியில் ஒன்று இருக்கிறதே, அது என்ன கணக்கு?

டாக்டரிடமே கேட்டுவிட்டாள். "நான் விட்டவளா, விடாதவளா? ஒண்ணு சொல்லுங்க."

"நீங்க சிகிச்சையில இருக்கறவங்க," என்றார் டாக்டர்.

"அது மூணாவதால்ல இருக்கு!"

"இப்ப நிறுத்தினா பழையது திரும்ப இழுக்கும். இன்னும் கொஞ்ச காலம் போகட்டும். சிலருக்கு வருஷக்கணக்குல தேவைப்படும். அதுல தப்பு ஒண்ணும் இல்ல."

வெளியே வந்து லாரிக்காரரிடம் புலம்பினாள். அவர் வருஷக்கணக்கில் போட்டுக்கொள்கிறவர். "கண்ணாடி போட்டிருக்கறவனுக்குப் பார்வை தெரியுதா, தெரியலையா?" என்றார். "போட்டா தெரியுது. அவ்வளவுதான் தங்கச்சி." ரேடியோவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அதுவும் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பெண்ணுக்குச் சொல்ல இதைவிட நல்ல பதில் எங்கே கிடைக்கும்? அடுத்த போனில் பெருமையாக எடுத்துவிட்டாள்.



"கண்ணாடியைப் போட்டுக்கிட்டு யாரும் பாத்ரூம்ல விழுந்து கிடக்கறதில்லம்மா," என்றாள் மகள்.

ரேடியோவின் பெருமை அங்கேயே வடிந்துவிட்டது. போனைக் காதில் வைத்தபடி நின்றாள்.

"ஏன் பேச மாட்டேங்கற? இப்பல்லாம் ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கற? முன்னாடி நீ நிறுத்தாமப் பேசினா, போட்டிருக்கேன்னு தெரியும். பேசாம உர்ருன்னு இருந்தா, தேடப்போறேன்னு தெரியும். இப்ப எனக்கு ஒண்ணுமே புரியல. நீ பேசினாலும் பயமா இருக்கு, பேசாட்டியும் பயமா இருக்கு."

"எனக்கும் புரியலடி," என்றாள் ரேடியோ. உண்மை அதுதான். அப்புறம், ஏதோ ஒரு வேகத்தில், "ஞாயித்துக்கிழமை வா. வந்து நீயே பாரு. விட்டுட்டேன்," என்று சொல்லிவிட்டாள்.

சொன்னது வாய்தான். அதை வைத்துக்கொண்டு அவள் பட்ட அவஸ்தை ஞாயிற்றுக்கிழமை வரை நீண்டது. இதற்குள் மருத்துவமனையில் அவள் மேல் நம்பிக்கை வந்து, சில நாளைக்கான மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தனுப்ப ஆரம்பித்திருந்தார்கள்.

ஞாயிறு காலை வழக்கமான நேரத்துக்கு மாத்திரை அட்டையை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். போடாமல் இருந்தால், 'இன்றைக்கு ஒன்றும் போடவில்லை' என்று மகளிடம் கண்ணைப் பார்த்துச் சொல்லலாம். பொய் இல்லை. ஆனால் இன்றைக்குப் போடாவிட்டால் நாளைக்கு என்ன சொல்வது? நாளைக்குப் போட்டுக்கொண்டால் இன்றைக்குச் சொன்னது என்ன? போட்டுவிட்டு, போடவில்லை என்று சொன்னால்? அந்தப் பொய்களைச் சொல்லிச் சொல்லித்தானே வீடு காலியானது. எழுந்து வீட்டைக் கூட்டினாள். மறுபடி வந்து உட்கார்ந்தாள். மகளுடைய தலையணைக்கு, சலவைக்கூடத்து மடிப்பில் ஒரு சுருக்கமும் இல்லாமல், உறை மாற்றினாள். மறுபடி வந்து உட்கார்ந்தாள். வெயில் ஜன்னல் விளிம்பிலிருந்து தரைக்கு இறங்கியது. ஒரு கொட்டாவி வந்தது.

சாதாரணக் கொட்டாவியாகவும் இருக்கலாம். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. ஆனால் இந்தக் கொட்டாவியை மகள் அறிவாள். கொட்டாவி, அப்புறம் மூக்கு, அப்புறம் எரிந்து விழுவது, அப்புறம் பையை எடுத்துக்கொண்டு 'இதோ வந்துடறேன்' என்று கிளம்புவது. அந்த வரிசை அத்தனையும் அந்தப் பெண்ணுக்கு மனப்பாடம்.

யோசனை எல்லாம் அத்தோடு நின்றது. அட்டையைப் பிய்த்து, மாத்திரையை எடுத்து, நாக்கைத் தூக்கி வைத்தாள். வாயை மூடினாள். கசப்பு இறங்கத் தொடங்கியது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

திறந்தால் மகள். இளைத்திருந்தாள். தோளில் பை. "அம்மா," என்றாள்.

ரேடியோ வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் என்னென்ன வந்திருக்கும்! வா கண்ணு, ஏன் இப்படி இளைச்சுட்ட, சாப்பிட்டியா, பஸ் கிடைச்சுதா என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் கொட்டியிருப்பாள்.

"என்னம்மா? ஏன் இப்படி நிக்கற?" மகளின் முகம் மாறியது. "போட்டிருக்கியா?"

பழைய ரேடியோவாக இருந்தால் இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணியிருப்பாள். இவள் ஒரு விரலால் வாயைக் காட்டினாள். மேசையைக் காட்டினாள். மகள் உள்ளே வந்து அட்டையை எடுத்துப் பார்த்தாள். பிய்ந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினாள்.

"விட்டுட்டேன்னு சொன்னியே."

துப்பிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். துப்பிவிட்டு எல்லாவற்றையும் விளக்கலாம். விழுங்கிவிட்டும் விளக்கலாம். போனால் ஒரு மாத்திரைதானே. ஆனால் பேசிப் பேசி மருந்தைத் தின்ற நாட்கள் ஞாபகம் வந்தன. பேசிப் பேசி இந்தப் பெண்ணையும் அனுப்பிவைத்தது ஞாபகம் வந்தது. ரேடியோ நாற்காலியை இழுத்துப் போட்டு மகளைப் பார்த்துக் கையைக் காட்டினாள். இருந்துவிட்டுப் போ என்று கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது அந்தக் கை.

மகள் நாற்காலி விளிம்பில், பையைத் தோளிலிருந்து இறக்காமல் உட்கார்ந்தாள். சமையலறையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மகள் எழுந்து போய்க் குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்தாள்.

"அன்னைக்கும் இதைத்தான் செஞ்சேன்," என்றாள், உட்கார்ந்ததும்.

ரேடியோவுக்குப் புரியவில்லை.

"பாத்ரூம்ல நீ கிடந்தப்ப. முதல்ல குழாயை மூடினேன். உன்னைத் தொடறதுக்கு முன்னாடி. தண்ணி வீணாப் போகுதேன்னு நினைச்சேன்னு வை. அம்மா கிடக்கறா, உதடு நீலமா இருக்கு, நான் குழாயை மூடறேன். நல்லா இறுக்கி மூடறேன். அப்புறம்தான் உன்னைத் திருப்பினேன். ஏன் அப்படிச் செஞ்சேன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலம்மா. இதை உன்கிட்ட எத்தனையோ தடவை சொல்ல வந்தேன். நீ பேச விடவே இல்ல. ஆரம்பத்துல போன்லயும் நீதான் பேசுவ."

அது ஒன்றுமில்லடி, பயத்தில் யாருக்கும் அப்படித்தான் ஆகும், நீ இல்லாவிட்டால் நான் ஏது என்றெல்லாம் ரேடியோவின் வாய் நிறைய எச்சிலோடு சேர்ந்து நின்றது. கண்ணில் நீர் வழிந்தது. அதைத் துடைக்கவும் இல்லை. மகளின் முட்டியில் கையை வைத்து அழுத்தினாள்.

மகள் பேசினாள். அறையில் தூக்கம் வராததை, போன் அடித்தால் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதை, கடையில் யாராவது வயதான பெண்மணி நிறையப் பேசினால் உள்ளே போய் நின்றுகொள்வதைச் சொன்னாள். எல்லாம் ஒழுங்கில்லாமல் வந்தது. ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு இந்தப் பெண்ணுக்குள் இருந்ததா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. பக்கத்தில் கிடந்த மளிகை ரசீதை எடுத்து, பின்புறம், பென்சிலால் எழுதிக் காட்டினாள்: 'நான் முன்னாடியும் நிறையப் பேசுவேனா?'

மகள் அதைப் படித்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்தபடியே மூக்கை உறிஞ்சினாள்.

"எப்பவும் பேசுவ. நான் குழந்தையா இருந்தப்பவே அப்படித்தான். ஆனா அப்ப பேசும்போது என் மூஞ்சியப் பார்ப்ப. மாத்திரை வந்தப்புறம் சுவத்தைப் பார்த்துப் பேசின."

ரேடியோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது விட்டதா, விடாததா, மூன்றாவதா? அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. மகளுக்கும் விளங்கியதாகத் தெரியவில்லை. அட்டையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

வாயில் கசப்பு குறைந்திருந்தது. கரைந்துவிட்டது என்று நினைத்து, மருத்துவமனைப் பழக்கத்தில், யோசிக்காமலே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கி மகளிடம் காட்டினாள். காட்டிய பிறகுதான் வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் மகள் அதை வேலையாகவே எடுத்துக்கொண்டாள். போனில் விளக்கை ஏற்றி, அம்மாவின் தாடையை இரண்டு விரலால் பிடித்து, கடையில் கண்ணைப் பார்க்கிற மாதிரி கிட்டே குனிந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கும்மா," என்றாள். "மூடு. பேசாத."

சொல்லிவிட்டுப் பையைத் தோளிலிருந்து கழற்றித் தரையில் வைத்தாள். ரேடியோ வாயை மூடிக்கொண்டாள்.